பட்டறை மெஷினுக்கு எந்த வயர், எந்த பிளக்? நேம் பிளேட்டிலிருந்து தொடங்குவோம்

சேலத்தில் பட்டறை போடுபவர்களுக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு, கொண்டலாம்பட்டியிலும் அம்மாபேட்டையிலும் தறி, ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி ஆலை, இவற்றுக்கெல்லாம் உதிரிபாகம் செய்து தரும் லேத் பட்டறைகள். மெஷின் வாங்கும்போது விலை, வேகம், ஸ்பேர் கிடைக்குமா என்று எல்லாம் விசாரிக்கிறோம். அதற்குக் கரண்ட் எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் மெஷின் லாரியிலிருந்து இறங்கிய பிறகுதான் வருகிறது. அப்போது கையில் கிடைத்த வயரும் கடையில் இருந்த பிளக்கும் மாட்டப்படுகின்றன.

இதைப் படித்து யாரும் தாமே வயரிங் செய்ய வேண்டாம். அது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் செய்து தந்தது சரியா என்று பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் அந்த மெஷினைத் தொடப்போவது எலக்ட்ரீஷியன் அல்ல.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 400 வோல்ட் என்றதும் 'ஹை வோல்டேஜ்' என்கிறோம். மின்துறைக் கணக்கில் அது தாழ்வழுத்தம்தான். தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே வந்து சேரும் 11,000 அல்லது 22,000 வோல்ட் லைனைத்தான் உயரழுத்தம் என்பார்கள். பெயர் எப்படி இருந்தாலும் 230 வோல்ட்டே ஆளைக் கொல்லப் போதும். 400 இன்னும் மோசம்.

இந்த 400 எங்கிருந்து வருகிறது? மும்முனை மின்சாரம், அதாவது த்ரீ ஃபேஸ், மூன்று ஃபேஸ் வயரும் ஒரு நியூட்ரலுமாக வருகிறது. எந்த ஃபேஸை எடுத்து நியூட்ரலுடன் சேர்த்து அளந்தாலும் 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே அளந்தால் 460 வரும் என்றுதான் முதலில் தோன்றும். வராது. நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் இந்த மூன்று அலைகளும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு பிந்தி வருகிறது. அதனால் இரண்டால் பெருக்காமல் 1.732 ஆல் பெருக்க வேண்டும். 230ஐப் பெருக்கினால் 398, அதைத்தான் 400 என்கிறோம். பழைய கணக்கில் ஒரு ஃபேஸ் 240. அதைப் பெருக்கினால் 415. மோட்டார்களில் இன்றும் 415 என்று அச்சடித்து வருவது அதனால்தான். இரண்டும் ஒரே சப்ளைதான், பயப்பட வேண்டாம்.

த்ரீ ஃபேஸ் எதற்கு என்றால், மோட்டாருக்காக. மூன்று அலைகளும் வரிசையாக வருவதால் மோட்டாருக்குள் காந்தப்புலம் தானாகவே சுழல்கிறது. சிங்கிள் ஃபேஸில் அந்தச் சுழற்சி கிடையாது. கெப்பாசிட்டர் வைத்துத்தான் மோட்டாரைக் கிளப்ப வேண்டும். இன்னொரு லாபமும் இருக்கிறது. 5 எச்.பி. மோட்டார் சிங்கிள் ஃபேஸில் 25 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அதே 5 எச்.பி. த்ரீ ஃபேஸில் ஒவ்வொரு வயரிலும் 7 ஆம்பியர் சொச்சம்தான். வயர் மெலிதாகப் போதும், சூடும் குறைவு.

சரி, இப்போது மெஷினுக்குப் போவோம். மோட்டாரின் பக்கவாட்டில் ஆணியடித்த ஒரு சின்னத் தகடு இருக்கும், அதுதான் நேம் பிளேட். பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் சுரண்டியாவது பாருங்கள். எத்தனை ஃபேஸ், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை ஹெர்ட்ஸ் (கரண்ட் அலை நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது) என்று நான்கும் அதில் இருக்கும். வாங்குவதற்கு முன்பே அதைப் போட்டோ எடுத்து எலக்ட்ரீஷியனுக்கு அனுப்பிவிடுவது நல்லது. வயர் தடிமன், எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்), பிளக், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தத் தகடுதான். 'அஞ்சு எச்.பி. மோட்டார்ங்க' என்று வாயால் சொன்னால் போதாது.

செகண்ட்ஹேண்ட் இறக்குமதி மெஷின் என்றால் ஹெர்ட்ஸை இன்னும் கவனிக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், கூடுதலாகச் சூடாகும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைச் சரிசெய்யலாம், ஹெர்ட்ஸ் மாறாது. சில சின்ன மோட்டார்களில் டெல்டா என்றால் 230, ஸ்டார் என்றால் 400 என்று இரண்டும் எழுதியிருக்கும். மோட்டாருக்குள் இருக்கும் செம்புச் சுருள்களை, அதாவது காயில்களை, இணைக்கும் இரண்டு முறைகள் இவை. நம் 400 வோல்ட்டுக்கு அதை ஸ்டாரில்தான் கட்ட வேண்டும். டெல்டாவில் கட்டினால் காயில் எரிந்துவிடும்.

இனி பிளக். வீட்டில் இருப்பவை இரண்டு வகை, 6 ஆம்பியர் சின்னது, 16 ஆம்பியர் பெரியது. இரண்டிலும் மேலே இருக்கும் தடித்த நீளமான பின் எர்த்துக்கு. அது நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும். ஃபேஸ் வந்த கணத்தில் மெஷினின் பாடி ஏற்கெனவே எர்த்தோடு இணைந்திருக்கும். இந்தப் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின்னை மட்டும் செருகுவதும், குச்சியால் ஷட்டரைத் திறந்து வயரை நேரடியாகச் சொருகுவதும் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவரையும் விடாதீர்கள்.

சாக்கெட்டை நேராகப் பார்த்து, எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டால் வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். இது மாறியிருந்தாலும் மெஷின் ஓடும். ஆனால் அப்போது ஸ்விட்ச் வெட்டுவது நியூட்ரலை. ஆஃப் செய்த பிறகும் உள்ளே ஃபேஸ் உயிரோடு நிற்கும்.

16 ஆம்பியர் பிளக்கில் எதை மாட்டலாம் என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இப்போது எல்லாரும் வாங்கும் கையடக்க இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் 200 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது ராடுக்குப் போகும் ஆம்பியர், சுவரிலிருந்து இழுப்பது அல்ல. 200 ஆம்பியரில் ஆர்க்கின் வோல்ட் சுமார் 28. பெருக்கினால் 5,600 வாட். மெஷினில் துளிகூட வீணாகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் 230 வோல்ட்டில் அது 24 ஆம்பியர். நிஜத்தில் அதைவிட அதிகம். 16 ஆம்பியர் பிளக்கில் அதைக் குறைத்து வைத்து மெல்லிய தகடு ஒட்டலாம். முழு ஆம்பியரில் கேட் வேலை செய்தால் பிளக் உருகும்.

உருகுவது ஏன் எப்போதும் பிளக்கில் ஆரம்பிக்கிறது? அங்கேதான் உலோகமும் உலோகமும் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கின்றன. தொடும் இடம் தளர்ந்து 0.1 ஓம் தடை வந்துவிட்டால், 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். ரேடியோ ரிப்பேர்க்காரர் கையில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னை பிளக்குக்குள் ஆன் செய்து மூடி வைத்த மாதிரி. பிளக் பழுப்பாக மாறினால், மீன் நாற்றம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வாடை வந்தால், உடனே நிறுத்திவிட்டு பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதன் தளர்ந்த ஸ்பிரிங் புதியதையும் கெடுக்கும்.

16 ஆம்பியருக்கு மேல், அல்லது த்ரீ ஃபேஸ் என்றால், இண்டஸ்ட்ரியல் பிளக் என்று கேட்டு வாங்க வேண்டும். வட்டமான, மூடி போட்ட, கையளவு பிளக். நிறத்தைப் பார்த்தே வோல்ட்டைச் சொல்லிவிடலாம். மஞ்சள் 110, நீலம் 230, சிவப்பு 400. அளவு 16, 32, 63, 125 ஆம்பியர் என்று ஏறும். ஒரு நிறத்தின் பிளக் வேறு நிறத்து சாக்கெட்டில் நுழையாது, 16 ஆம்பியர் பிளக் 32 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. தப்பாக மாட்டவே முடியாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். கொஞ்சம் விலை கூடத்தான். ஆனால் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் மெஷினுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே இடத்தில் நிற்கும் லேத்துக்கு பிளக்கே வேண்டாம். ஐசொலேட்டர் (இணைப்பை முழுதாக வெட்டும் ஸ்விட்ச்) வைத்து நேராக இணைத்துவிடலாம்.

சிவப்பில் நான்கு பின், ஐந்து பின் என்று இரண்டு உண்டு. வெறும் மோட்டார் மட்டும் என்றால் மூன்று ஃபேஸும் எர்த்தும் போதும், நான்கு பின். மெஷினுக்குள் 230 வோல்ட்டில் ஓடும் விளக்கோ கன்ட்ரோல் போர்டோ இருந்தால் நியூட்ரலும் தேவை, ஐந்து பின். நான்கு பின்னை வாங்கி வந்துவிட்டு, நியூட்ரலுக்கு எர்த் வயரையே பயன்படுத்திக்கொள்வது சில இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் அந்த எர்த் எங்காவது விட்டுப்போன நொடியில் மெஷினின் பாடி முழுவதும் 230 வோல்ட்டாகிவிடும்.

வயருக்கு வருவோம். ஆம்பியர் ஒரு கணக்கு, தூரம் இன்னொரு கணக்கு. இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரஸர் ஓடும்போது 11 ஆம்பியர் பக்கம் எடுக்கும். கிளம்பும் அந்த ஓரிரு நொடிகளில் ஐந்து மடங்கு, சுமார் 55. அதை ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில் 30 மீட்டர் இழுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போகவர 60 மீட்டர், தடை சுமார் 0.73 ஓம். கிளம்பும்போது வயரிலேயே 40 வோல்ட் காணாமல் போகும். மோட்டாருக்கு 190தான் போய்ச் சேரும். மோட்டாரின் இழுவை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இழுவை மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். 'மோட்டார் வீக்' என்று காயில் கட்டக் கொடுப்பார்கள். கோளாறு வயரில் இருக்கும். அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்.எம். போட்டிருந்தால் இழப்பு 15 வோல்ட்டோடு முடிந்திருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுருட்டி வைத்தபடியே லோடு போடவும் கூடாது. சுருளுக்குள் சூடு வெளியே போக வழியில்லை.

எம்.சி.பி. காப்பது வயரைத்தான், ஆளை அல்ல. 16 ஆம்பியர் தாங்கும் வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் வயர் எரிந்த பிறகுதான் அது விழும். மோட்டார் கிளம்பும்போது எம்.சி.பி. விழுகிறது என்றால் பெரிய ஆம்பியருக்குத் தாவ வேண்டாம். 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்குக்கும், 'டி' வகை பத்து முதல் இருபது மடங்குக்கும்தான் உடனே விழும். வகையை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பீங்கான் ஃபியூஸில் தடித்த செம்பு இழையை முறுக்கிப் போடுவது இன்னும் மோசம். அப்புறம் அங்கே ஃபியூஸ் என்று ஒன்று இருப்பதற்கே பொருளில்லை.

நிறங்களைப் பற்றி நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் உயிர் போகிறது. நம் ஊர் த்ரீ ஃபேஸ் வயரிங்கில் நெடுநாளாக சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஐரோப்பாவிலிருந்து வரும் மெஷினின் கேபிளைப் பிரித்தால் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். அதாவது இங்கே நியூட்ரலாக இருக்கும் கறுப்பு அங்கே ஃபேஸ். இங்கே ஃபேஸாக இருக்கும் நீலம் அங்கே நியூட்ரல். நிறத்தோடு நிறம் சேர்த்துக் கட்டினால் கன்ட்ரோல் போர்டுக்கு 230க்குப் பதில் 400 போகும். பல லட்சம் ரூபாய் மெஷின் ஆன் செய்த நொடியில் புகையும். மெஷினுடன் வந்த வயரிங் படத்தைப் பார்த்து, மீட்டரில் அளந்து, ஒவ்வொரு முனைக்கும் அடையாளப் பட்டை மாட்டிய பிறகுதான் இணைக்க வேண்டும்.

அளப்பது என்றால் மல்டிமீட்டர். பாக்கெட்டில் குத்தியிருக்கும் டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. பக்கத்து வயரின் தூண்டலில் சும்மாவே எரியும், பல்பு போயிருந்தால் ஃபேஸிலும் எரியாது. கரண்ட் இல்லை என்று உறுதி செய்வதற்கு முன், கரண்ட் இருக்கும் வேறு பாயின்ட்டில் மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றி, வேலை செய்பவர் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும். 'யாரும் போடாதீங்க' என்று கத்திவிட்டுப் போனால் போதாது.

த்ரீ ஃபேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்றால் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போய்விட்டால் அதுதான் ஆபத்து. மோட்டார் நிற்காமல் மீதி இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டு ஓடும். அந்த இரண்டிலும் ஆம்பியர் ஒன்றேமுக்கால் மடங்கு வரை ஏறி காயில் கருகும். ஸ்டார்ட்டரில் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்ட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆம்பியர் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே, நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியரில் வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக எர்த். இதற்கு மட்டும் நான் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். 'குழி எடுத்து, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டாச்சு, இனி ஷாக் அடிக்காது' என்ற நம்பிக்கை எல்லாரிடமும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளே ஃபேஸ் வயர் தோலுரிந்து மெஷினின் பாடியைத் தொட்டுவிட்டது. கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குள் போய் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. அந்தப் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்றால் 230 வகுத்தல் 5, அதாவது 46 ஆம்பியர். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 80 ஆம்பியராவது வேண்டும். 46இல் அது சூடாகி விழுவதற்குப் பல நொடிகள்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் பாடியில் ஆபத்தான வோல்ட் நிற்கும்.

இப்போது அதே மெஷினை ஏற்காட்டுக்குக் கொண்டுபோவோம். சேர்வராயன் மலை முழுக்க சார்னோக்கைட் பாறை. பல இடங்களில் மேலே கொஞ்சம்தான் மண், கீழே கல். பாறையில் கரண்ட் எளிதில் போகாது. பாதையின் தடை 20 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. ஒருபோதும் விழாது. காப்பிப் பழம் உரிக்கும் பல்ப்பர் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் பாடியில் கரண்ட்டும் இருந்துகொண்டே இருக்கும். ஈரத் தரையில் நின்று அதைத் தொடும் முதல் ஆளுக்குத்தான் விஷயம் தெரியவரும்.

அதனால் ஆர்.சி.சி.பி. கட்டாயம். கடையில் ஈ.எல்.சி.பி. என்று பழைய பெயரில் கேட்டாலும் அதையே தருவார்கள். போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, எர்த் வழியாகவோ ஒரு மனித உடம்பு வழியாகவோ கசிந்தாலே கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும். 20 ஓம் எர்த்தில் ஓடும் 11.5 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் போதாது, ஆர்.சி.சி.பி.க்கு அது தேவைக்கு மேல் பல மடங்கு. த்ரீ ஃபேஸுக்கு '4 போல்' (pole) என்று, அதாவது மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுவதைக் கேளுங்கள். ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர்தான் சரி. 100, 300 என்று வருபவை தீ விபத்தைத் தடுக்க. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டும். ஓவர்லோடை அது கவனிக்காது, எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே ஆள் இரண்டு கையால் பிடித்தால் அதற்குத் தெரியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று எர்த்தை விட்டுவிடவும் கூடாது. எர்த் இருந்தால் கோளாறு வந்த கணமே அது வெட்டும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொடும் வரை காத்திருக்கும். த்ரீ ஃபேஸ் மோட்டாரின் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது நம் நாட்டு மின் பாதுகாப்பு விதி. ஒன்று துருப்பிடித்து அறுந்தாலும் மற்றது இருக்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டாதீர்கள். நடுவில் ஒரு துண்டு பி.வி.சி. வந்தால் எர்த் முடிந்தது, குளிக்கிறவருக்கும் ஷாக்.

மலையில் ஆழமாகக் குழி எடுக்க முடியாவிட்டால், மண் இருக்கும் பக்கமாக ஜி.ஐ. பட்டையை நீளவாக்கில் புதைக்கலாம். அல்லது தள்ளித் தள்ளி இரண்டு மூன்று குழிகள் போட்டு இணைக்கலாம். குழிகள் நெருக்கமாக இருந்தால் பலனில்லை, பைப்பின் நீளத்தைப் போல இரு மடங்கு தூரமாவது விட வேண்டும். பல்ப்பர் நிற்கும் ஈரக் கொட்டகைக்கு ஐ.பி. 67 என்று குறித்த பிளக், சாக்கெட் வாங்குங்கள். ஐ.பி. 44 சாரலைத்தான் தாங்கும். கோடை இடிமழைக்கு மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டரும் வேண்டும். அதுவும் நல்ல எர்த் இருந்தால்தான் வேலை செய்யும்.

சேலத்துச் சமவெளியில் சிக்கல் வேறு. சித்திரை வெயிலில் குழி காய்ந்துபோனால் எர்த்தின் தடை ஏறிவிடும். மழைக்காலத்தில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. வேலை முடித்துத் தரும்போது எர்த் மெக்கரில் அளந்து, எத்தனை ஓம் என்பதைத் தேதியோடு போர்டுக் கதவின் உள்பக்கம் எழுதித் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு கோடையிலும் குழிக்குத் தண்ணீர் விடுங்கள். அந்தச் சமயத்தில் மறுபடி அளக்கச் சொல்லி, புது எண்ணையும் பழையதன் கீழேயே எழுதச் சொல்லுங்கள்.